வெள்ளைப்பூண்டுக்கு அழுதவர்கள்

பிள்ளைகளா,

போன ஞாயிறு நீங்கள் திடப்படுத்தலுக்கு வரிசையாக முழங்கால்படியிட்டபோது, பேராயர் கை வைத்த தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது. ஆராதனை முடிந்ததும் நம் சபை ஐயர் என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, பிள்ளைகளுக்கு அஞ்சு நிமிஷம் புத்தி சொல்லுங்க" என்றார். எழுந்தேன். மைக் சரியில்லை என்றேன். காற்றாடி சத்தம் காதை அடைக்கிறது என்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஞானப்பாட்டைப் பார்க்காமல் பாடுவதில்லை என்றேன். அஞ்சு நிமிஷம் முடிந்தது, உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. புத்தி சொல்லப் போன கிழவன் குறை சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அதனால்தான் எழுதித் தருகிறேன். எனக்கு 76 வயது. முப்பது வருஷம் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்தவன். பெரியகுளத்தில் குத்தகைக்காரன் குறை சொல்லாத நாள் கிடையாது. தையில் பனி, மாசியில் பூச்சி, சித்திரையில் காற்று, அப்புறம் கமிஷன் கடை விலை. என் வீட்டுக்காரி உயிரோடு இருந்தபோது சொல்வாள்: "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கர்த்தருக்கு. மிச்ச நேரமெல்லாம் உங்க புலம்பலுக்கு." அவள் போய் ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகுதான் திருந்த ஆரம்பித்தேன், இன்னும் முடியவில்லை. கீழே இருப்பது கரை சேர்ந்தவன் சொல்வதல்ல.

1. எது முறுமுறுப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தை ஒரு தடவை மெதுவாக வாசியுங்கள். வனாந்தரத்தில் ஜனங்கள் எதற்கு அழுகிறார்கள் பாருங்கள். மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டி, கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு. பூண்டுக்கு அழுதவர்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வராது. வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குள் ஒரு காலை நேரம் நடந்து பாருங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை பிரிக்கிற இடத்தில் நிற்கிறவன் வேட்டியில் அந்த வாசம் சாயங்காலம் வரை இருக்கும். நாக்கில் ஏறின ருசி எவ்வளவு தூரம் போனாலும் கூடவே வரும். அதில் தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எகிப்தில் மீனைச் செலவில்லாமல் தின்றோம் என்கிறார்கள். செலவில்லாமலா? செங்கல் அறுத்தது யார்? நதியில் போட்ட ஆண் பிள்ளைகள் யாருடையவர்கள்? அதெல்லாம் மறந்துபோயிற்று, பூண்டு மட்டும் நினைவிருக்கிறது. முறுமுறுப்பின் முதல் அடையாளம் இதுதான்: நேற்றைய கணக்கில் வரவை மட்டும் எழுதும், இன்றைய கணக்கில் செலவை மட்டும் எழுதும். நான் இருபது வருஷம் எழுதின குத்தகைக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நஷ்டப்பட்ட வருஷங்களில் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதியிருக்கிறேன். காய்த்துக் கொட்டின வருஷத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

2. அதே அதிகாரத்தில் மோசேயும் குறை சொல்கிறான், கவனியுங்கள்.

சாதாரணக் குறை அல்ல. இந்த ஜனங்களை நானா பெற்றேன், என்னால் சுமக்க முடியாது, இதற்கு என்னைக் கொன்றுபோடும் என்கிற அளவுக்குப் பேசுகிறான். ஜனங்கள் பேசியதைவிட இது கடுமையான பேச்சு. ஆனால் கர்த்தர் அவனைக் கோபிக்கவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ள எழுபது மூப்பரைக் கொடுக்கிறார். ஜனங்கள் கூடார வாசலில் நின்று அழுதார்கள், மோசே கர்த்தரிடம் போய் அழுதான். வார்த்தையில் பெரிய வித்தியாசம் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்தில்தான் இருக்கிறது.

சங்கீதப் புத்தகத்தில் நிறையப் புலம்பல் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. ஆகையால் குறை இருந்தால் ஜெபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லி நடிக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு கர்த்தரிடம் சண்டை போடுங்கள். டீக்கடைக்கு அப்புறம் போகலாம்.

3. "முறுமுறுக்காதே" என்ற வசனத்தை எளியவன் வாயை அடைக்க எடுக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சபையில் இந்தத் தப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். தோட்டத்தில் காய் பறிக்க வந்த பெண்கள் கூலி போதவில்லை என்றபோது, வசனத்தைச் சொல்லி அனுப்பியவன் நான். அவர்களில் இரண்டு பேர் நம் சபைக்காரர்கள். ஒரு வார்த்தை பேசாமல் சாக்கை மடித்துக்கொண்டு போனார்கள். அந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

முறுமுறுத்தவர்கள் தண்டிக்கப்பட்ட அதே எண்ணாகமத்தில் 27-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். செலொப்பியாத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். அப்பா செத்தார், பங்கு இல்லை என்றார்கள். அவர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து மூக்கைச் சிந்தவில்லை. ஆசரிப்புக் கூடார வாசலுக்குப் போய், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை முழுவதற்கும் முன்னால் நின்று கேட்டார்கள். மோசே அதைக் கர்த்தரிடம் கொண்டுபோனான். அந்தப் பெண்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தர் தீர்ப்புச் சொன்னார். சட்டமே மாறியது. அதோடு விடவில்லை. கானானுக்குள் போய் நிலம் பங்கிடும்போது யோசுவாவிடம் மறுபடி போய் நினைவுபடுத்தினார்கள். யோசுவா 17-இல் இருக்கிறது. மனு கொடுத்தால் போதாது, பின்னாலேயே போக வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

நம் மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் சொல்கிறேன். குமுளி ஏறி இறங்கினால் வருகிற கோட்டயத்துக்காரி மேரி ராய். சிரியன் கிறிஸ்தவப் பெண். 1916-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் செத்த அப்பாவின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அந்த அம்மா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-இல் தீர்ப்பு வந்தது: பெண்ணுக்கும் சம பங்கு. குடும்பத்துக்குள் பகை, ஊருக்குள் ஏச்சு எல்லாம் பட்டார். அவரை முறுமுறுக்கிறவர் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். நான் அவரைச் செலொப்பியாத்தின் ஆறாவது மகள் என்பேன்.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரமும் அப்படித்தான். கிரேக்கம் பேசுகிற விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டில் குறை வைத்தார்கள் என்று சத்தம் எழுந்தது. நம் தமிழ் வேதத்தில் அந்த இடத்தில் முறுமுறுத்தார்கள் என்றே இருக்கிறது. பேதுருவும் மற்றவர்களும் வசனம் சொல்லி அடக்கவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. நம் செயற்குழு எதிலாவது இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று சொல்கிற பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் மடத்துக்கு எழுதின ஒழுங்கில் முறுமுறுப்பைத் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார். ஆனால் மடாதிபதிக்கும் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறார்: சகோதரர்கள் நியாயமாக முறுமுறுக்க இடம் கொடுக்காதபடி வேலையையும் சாப்பாட்டையும் அளந்து வை என்று. நியாயமான முறுமுறுப்பு என்று ஒன்று உண்டு என அவர் ஒத்துக்கொள்கிறார். பிற்காலத்தில் உங்களில் யாராவது தலைமை ஆசிரியர், சூப்பர்வைசர், ஐயர் என்று ஆனால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. குறை உண்மையாக இருப்பது மட்டும் போதாது.

வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் பொய் சொல்லவில்லை. பட்டணங்கள் மதில் உள்ளவை, ஜனங்கள் நெடியவர்கள், எல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்திலேயே, இரண்டு பேர் தடியில் கட்டிச் சுமந்து வந்த திராட்சைக் குலை கிடந்தது. கம்பம் பக்கம் பந்தல் திராட்சை பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியும், ஒரு நல்ல குலையை ஒரு கையில் தூக்கலாம். அதையே இரண்டு பேர் சுமக்கும் அளவு என்றால் நினைத்துப் பாருங்கள். கண் முன்னால் குலை கிடக்க, மதிலைப் பற்றியே பேசினார்கள். ஓரேபிலிருந்து காதேசுக்குப் பதினோரு நாள் பயணம் என்று உபாகமம் கணக்குச் சொல்கிறது. அந்த வாசல் வரை வந்த ஜனம் நாற்பது வருஷம் அலைந்தது.

5. முறுமுறுப்பு வீட்டுக்குள் ஆரம்பிக்கும்.

அந்த ஜனங்கள் தங்கள் கூடாரங்களுக்குள் முறுமுறுத்தார்கள் என்று உபாகமம் முதல் அதிகாரம் சொல்கிறது. பிள்ளைகள் காது பக்கத்திலேயே இருக்கிறது. என் மகன் ஐந்து வயதில், பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் "இந்த வருஷம் காய்ப்பு சரியில்ல சார்" என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு மாமரத்துக்கும் நாவல் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

6. அதன் இனிப்புக்கு ஏமாறாதீர்கள்.

மாசி மாதம் பூங்கொத்தில் தத்துப்பூச்சி விழுந்தால் என்ன நடக்கும் தெரியுமா? தோப்புக்குள் நுழைந்ததும் மழைத்தூறல் போலச் சடசடவென்று ஒரு சத்தம், பூச்சிகள் தத்துகிற சத்தம். இலையைத் தொட்டால் தேன் தடவினது போல விரலில் ஒட்டும். பூச்சி சாறை உறிஞ்சிவிட்டு வெளியே விடுகிற சர்க்கரைத் தண்ணீர் அது. முதல் நாள் பார்க்கிறவனுக்கு, மரமே தேன் சுரக்கிறது என்று தோன்றும். பத்து நாள் கழித்துப் போனால் அந்த இனிப்பின் மேல் கரும்பூசணம் படர்ந்திருக்கும். இலை, கிளை எல்லாம் அடுப்புக்கரி பூசினது மாதிரி. வெயில் இலைக்குள் போகாது. பூ கருகி உதிரும். கையை இலையில் வைத்து எடுத்தால் ஐந்து விரலும் கறுப்பு.

டீக்கடையில் இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவனைக் குறை சொல்லும்போது வருகிற நெருக்கம் அந்தத் தேன்தான். "உங்களுக்குமா அண்ணே? எனக்கும் அதேதான்" என்றதும் இரண்டு பேரும் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் உட்காருவோம். எனக்கு அப்படி நிறைய நண்பர்கள் இருந்தார்கள். என் வீட்டுக்காரி படுக்கையில் விழுந்தபோது பார்க்க வந்தவர்கள் அவர்கள் அல்ல.

7. எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் வில் போவன் என்கிற போதகர் 2006-இல் தன் சபையாருக்கு ஊதா நிற ரப்பர் வளையம் கொடுத்தாராம். குறை சொன்னால் வளையத்தை மறு கைக்கு மாற்ற வேண்டும். தொடர்ந்து 21 நாள் மாற்றாமல் இருந்தால் ஜெயம். பேரன் இதைச் சொன்னதும் நான் புளியங்கொட்டையில் செய்து பார்த்தேன். காலையில் சட்டைப் பையில் நாற்பது கொட்டை. ஒரு குறைக்கு ஒரு கொட்டை மடிக்குப் போக வேண்டும்.

ஆறு மணிக்குப் பால் தண்ணீர் என்றேன், ஒன்று. பேப்பர் வரவில்லை, இரண்டு. முழங்கால், மூன்று. பக்கத்து வீட்டுச் சேவல், நாலு. வராக நதிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பதினேழு போயிற்று. பத்து மணிக்குப் பை காலி. "இது என்ன பைத்தியக்கார விளையாட்டு" என்று பேரனைத் திட்டினேன். அதற்கு ஒன்று போட கொட்டை இல்லை.

எண்ணுவதால் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்த வளைய வியாபாரத்தில் ஒரு குறையும் உண்டு, வாயை மூடினவன் மனசுக்குள் பேசுவதை அது எண்ணாது. ஆனால் எத்தனை என்று தெரியாத வரை, நான் குறை சொல்கிறவன் என்பதையே நான் நம்பவில்லை. மற்றவர்கள்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ஒன்பதில் நின்றது. அதற்குக் கீழே இன்று வரை இறங்கவில்லை.

8. ஐயர் பிரசங்கம் நீளம் என்றால் ஐயரிடம் சொல்லுங்கள். அவரிடம் போன் இருக்கிறது.

9. ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தை ரயில் வேகத்தில் வாசிக்காதீர்கள்.

வாசிப்பதைக் கேலி செய்யவில்லை, என் அம்மா அதில்தான் உயிர் வாழ்ந்தாள். ஆனால் அச்சடித்த ஆயிரத்தைவிட உன் சொந்த மூன்று மேல். ராத்திரி படுக்குமுன் அன்றைக்கு நடந்ததிலிருந்து மூன்று. "சுகம் தந்தீரே" என்று பொதுவாகப் போகாதே. "வடகரை பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா குடைக்குள் இடம் கொடுத்தாள்" என்று சொல். சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையில், பாவத்தைத் தேடுவதற்கு முன்னால் நன்றி சொல்வதுதான் முதல் படி. நம் தலைக்கு மேலே, கொடைக்கானல் மலைச் செண்பகனூரில் சேசு சபையார் 1895 முதல் இருக்கிறார்கள். நாம் சி.எஸ்.ஐ. என்பதற்காக நல்ல பழக்கத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

10. உங்களைச் சுமக்கிறவன் யார் என்று பாருங்கள்.

செண்பகனூர் என்றதும் இன்னொன்று. மலைக்குக் கார் ரோடு வருவதற்கு முன்னால், கொடைக்கானல் போகிறவர்கள் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் ஏறுவார்கள். அந்தப் பாதைக்கு ஆங்கிலத்தில் கூலி காட் என்றே பெயர். 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள், காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்து, 1845-இல் மேலே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அவர்கள் பட்ட பாடு கடிதங்களிலும் அறிக்கைகளிலும் இருக்கிறது, பட்டது உண்மைதான். அந்த அம்மாமார்களையும் பிள்ளைகளையும் நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர்கள் கடிதம் எழுதவில்லை. நாற்காலி ஆடுகிறது என்ற குறை எழுத்தில் வரும், தோள் தோலுரிந்த கதை வராது. வெயில் கொளுத்துகிறது என்று சொல்ல வாயெடுக்கும்போது, உச்சி வெயிலில் மாங்காய்க் கூடையைத் தலையில் வைத்து நடக்கிறவளை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

11. வியாதிக்காரர்களுக்கு இந்தப் புத்தி எதையும் சொல்லாதீர்கள்.

டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1931 அக்டோபர் 24-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது வருஷம் அறையும் படுக்கையும்தான். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். பிரசங்கிமார் இவரைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. சுகமாயிருக்கிறவர்கள் வியாதிக்காரர்களுக்கு எழுதுகிற ஆறுதல் தன்னைத் தொடவில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அதனால், வியாதிக்காரி வியாதிக்காரருக்கு எழுதுகிற கடிதங்களாகவே ஒரு புத்தகம் செய்தார்.

என் வீட்டுக்காரி கடைசி மூன்று மாதம் வலியில் கத்துவாள். பார்க்க வந்த ஒருவர், "முறுமுறுக்காம ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்றார். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து அவள் காலைப் பிடித்துவிட்டேன். யோபின் சிநேகிதர் முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

12. அறுப்பின் பண்டிகைக்கு வாருங்கள், ஏலம் முடியும் வரை இருங்கள்.

அடுத்த ஞாயிறு. பீடத்தின் முன்னால் வாழைத்தார், தேங்காய், பூசணி, நெல் எல்லாம் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால், புயல்காற்றில் என் காயெல்லாம் கொட்டிப்போன வருஷம், குருணி மாங்காய்கூட எடுத்துவர மனசில்லாமல் வெறுங்கையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன்பு கூலி கேட்டு நான் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, தன் வீட்டு முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள். அதை நான் ஏலம் எடுத்தேன். கடைத்தெருவில் இருபது ரூபாய் பெறும், என்னவோ 600 ரூபாய் வரைக்கும் கேட்டுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை. பழைய கூலிப் பாக்கியை நான் அவள் கையில்தான் கொடுத்திருக்க வேண்டும். மறுநாள் போய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

இன்னொரு விஷயம். கல்லறைத் தோட்டத்துப் பாதையில் விளக்கு எரிவதில்லை என்று ஆறு மாதமாக எல்லோரும் கோவில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். மனு எழுதிவிட்டேன். அறுப்பின் பண்டிகை அன்று வலதுபக்க மேசையில், காணிக்கைக் கவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும். 18 வயது ஆனவர்கள் கையெழுத்துப் போடுங்கள், ஆகாதவர்கள் அப்பா அம்மாவைக் கூட்டிவாருங்கள். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு, விளக்கைக் கவனிக்கிற அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறேன். கூட வர இரண்டு பேர் வேண்டும்.